கூட்ஸ் வண்டி நின்றால் மெயில் வண்டி ஓடுமா?

சித்தூர் மாவட்டத்தில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் உண்டு. தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். நம் பழந்தமிழிலும் 'வெதிர்' என்னும் சொல் மூங்கிலையே குறிக்கும். 'குப்பம்' என்பது சிற்றூர் என்னும் பொருளில் இருமொழியாளரும் அறிந்த சொல். தெலுங்கும் தமிழும் அண்டை வீட்டாரைப் போல் பழகிவரும் அவ்வட்டாரத்துக்கு இது மிகப் பொருத்தமான பெயரே. இந்த ஊரை ரயில் தொட்டுச் செல்லவில்லை. ஆயினும் ரயில் பாதைகள் அதனை இருபுறமும் அணைத்துச் செல்கின்றன. கிழக்கே அரக்கோணத்திலிருந்து புத்தூர் வழியாக ரேணிகுண்டாவுக்குப் போகும் பெரிய பாதை. மேற்கே காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் பாதை. முன்னது மிகப் பழையது. பழைய சென்னை ரயில்வே 1862-லேயே ரேணிகுண்டாவை எட்டிவிட்டது. 1871-ல் அப்பாதை ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. பின்னது 1890களின் தொடக்கத்தில் மீட்டர் பாதையாக அமைந்து, நம் காலத்தில் அகலப் பாதையாயிற்று.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்கள் பலருக்கு ரேணிகுண்டா என்னும் பெயர் புதியதன்று. மும்பையிலோ புனாவிலோ வாழ்வோர் விடுமுறைக்குச் சொந்த ஊர் திரும்பும்போது, கடப்பையையும் கடந்து வண்டி ரேணிகுண்டாவில் வந்து நின்றதும், "இனி நம் ஊர்ப் பக்கம் வந்துவிட்டோம்" என்று மனம் மலர்வது உண்டு. பிளாட்பாரத்தில் தமிழ்க் குரல்கள் காதில் விழும். மொட்டையடித்த தலைகளும் சந்தனப் பூச்சும் திருமலை யாத்திரிகர்களை அடையாளம் காட்டும். அத்தகைய வேளையில் நம் வண்டி நகராமல் நிற்க, அடுத்த பாதையில் நீண்டதொரு கூட்ஸ் வண்டி முடிவில்லாதது போல் ஓடிக்கொண்டிருக்கும். "மனிதர் காத்திருக்க மூட்டைகள் முன்னே போகின்றனவே!" என்று யாரேனும் ஒருவர் சலித்துக்கொள்வார். அவர் கேட்பது வெறும் சலிப்புக் கேள்வி அன்று. நாட்டின் ரயில் வரலாற்றிலேயே மிகப் பெரிய வினாக்களுள் ஒன்று அதனுள் அடங்கியிருக்கிறது. சரக்கு வண்டிக்கும் பிரயாணி வண்டிக்கும் உள்ள உறவு யாது? சரக்கு வண்டி நின்றுபோகும் என்ற அச்சம் எழுந்த மாத்திரத்திலேயே பிரயாணி வண்டி முதலில் நிறுத்தப்படுவது ஏன்? இவ்வினாக்களையே இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும். நம் நாட்டில் சரக்கு வண்டிக்கென்று தனித் தொழிலாளர் கூட்டம் கிடையாது. ஒரே தண்டவாளம், ஒரே சிக்னல், ஒரே நிலைய அதிகாரி. மெயில் வண்டிக்குக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேன்தான் அடுத்த அரைமணியில் கூட்ஸ் வண்டிக்கும் பாதை திருப்புகிறார். இஞ்சின் டிரைவரின் வாழ்க்கையைப் பாருங்கள். நீராவி இஞ்சின் காலத்தில் அவர் இஞ்சின் துடைப்பவராகக் கொட்டகையில் நுழைவார். பிறகு கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஆவார். அதன்பின் யார்டுக்குள் வண்டி கோக்கும் ஷண்டர். அதன்பின் கூட்ஸ் டிரைவர். பல ஆண்டுகள் கழித்துப் பாசஞ்சர் டிரைவர். தலை நரைக்கும் பருவத்தில் மெயில் டிரைவர். ஆகவே நம்மை ஊருக்குக் கொண்டு சேர்க்கும் மெயில் டிரைவர் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் கூட்ஸ் டிரைவராக இருந்தவரே. கூட்ஸ் டிரைவரின் குறை, மெயில் டிரைவரின் நினைவிலும் உள்ள குறை.

அக்குறை எது? கூட்ஸ் வண்டிக்குக் கால அட்டவணை கிடையாது. மெயில் வருகிறது, எக்ஸ்பிரஸ் வருகிறது, பாசஞ்சர் வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டு அது பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்கவேண்டும். ஒற்றைப் பாதையாக இருந்தால் எதிரே வரும் வண்டிக்காகவும் நிற்கவேண்டும். நாற்பது கல் தொலைவைக் கடக்க ஒரு பகலும் ஒரு பாதி இரவும் ஆவது அக்காலத்தில் அரிதன்று. அந்நேரம் முழுவதும் டிரைவரும் பயர்மேனும் கார்டும் கொதிக்கும் இஞ்சினோடும் குளிர்ந்த சோற்றோடும் காத்திருக்கவேண்டும். பதினான்கு மணிநேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து பணியில் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போன துன்பம். நம் வண்டி குறித்த வேளையில் வந்து சேர்ந்ததென்று நாம் மகிழ்ந்த நாளெல்லாம், எங்கோ ஒரு சிறு நிலையத்தின் பக்கப் பாதையில் ஒரு கூட்ஸ் டிரைவரின் உறக்கம் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்னொரு பிணைப்பும் உண்டு. நீராவி காலத்தில் பிரயாணி வண்டியின் இஞ்சின் எரித்த நிலக்கரி எவ்வாறு கொட்டகைக்கு வந்தது? சரக்கு வண்டியில்தான் வந்தது. தென்னாட்டில் நிலக்கரிச் சுரங்கங்கள் மிகக் குறைவு. தெலுங்கு நாட்டின் சிங்கரேணியிலிருந்தும், அதனினும் தொலைவான வங்காள, பீகார்ச் சுரங்கங்களிலிருந்தும் கரி வந்தாகவேண்டும். மீட்டர் பாதையில் பிரயாணி வண்டிகளை இழுக்க 'ஒய்.பி.' என்னும் வகை இஞ்சினும், சரக்கு வண்டிகளை இழுக்க 'ஒய்.ஜி.' என்னும் வகை இஞ்சினும் இருந்தன. பெயர் இரண்டாயினும் இரண்டின் வயிற்றுக்கும் உணவு ஒன்றே. கரி வண்டி வராவிடில் 'ஒய்.பி.' இஞ்சினின் அடுப்பும் அவிந்துபோகும். சரக்கு வண்டிக்குப் பிரயாணி வண்டி தேவையில்லை. பிரயாணி வண்டிக்கோ சரக்கு வண்டி இன்றியமையாதது.

மூன்றாவது பிணைப்பு பணம். சில ஆண்டுகளாக ரயில் டிக்கெட்டில் ஒரு வாக்கியம் அச்சிடப்பட்டு வந்ததை நேயர்கள் கண்டிருக்கலாம். பிரயாணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டையே ரயில்வே திரும்பப் பெறுகிறது என்பது அதன் கருத்து. மீதி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சரக்குக் கட்டணத்திலிருந்து வருகிறது. ரயில்வேயின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கினுடையது. சொந்த ஊர்த் திருவிழாவுக்குச் செல்லும் ஏழைத் தொழிலாளியின் டிக்கெட்டுக்கு நிலக்கரியும் இரும்பும் சிமெண்டும் தம் பங்கைச் செலுத்துகின்றன.

இம்மூன்று பிணைப்புகளையும் நினைவில் கொண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

தென்னாட்டு ரயில் தொழிலாளரின் பெரிய போராட்டங்களுள் முதன்மையானது 1928-ல் நிகழ்ந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கத் திட்டமிட்டது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த தொழிற்கூடங்களைத் திருச்சிக்கு அருகே பொன்மலையில் ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாட்டுடன் இது பிணைந்திருந்தது. அவ்வாண்டு ஜூலை 19ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் அம்மாதம் 30ஆம் தேதி வரை நீடித்தது. மக்கள் போக்குவரத்தும் சரக்குப் போக்குவரத்தும் ஒருங்கே நிலைகுலைந்தன. தலைவர்களாகிய ம. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிங்காரவேலரின் தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டது. 1946-ல் மீண்டும் போராட்டம் எழுந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர். சுதந்திரத்திற்குப் பின் 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பரிலும் மத்திய அரசு ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தங்களில் ரயில் தொழிலாளரும் கலந்துகொண்டனர். ஆனால் இவையெல்லாம் 1974-ல் வந்த பெரும் புயலுக்கு முன் வீசிய காற்றுகளே.

அந்தப் புயலின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1973-ல் விலைவாசி வெகுவேகமாக ஏறியது. மூன்றாவது சம்பளக் கமிஷனின் பரிந்துரைகள் தொழிலாளருக்கு மனநிறைவு தரவில்லை. பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்குப் போனஸ் உண்டு, ரயில்வேயில் இல்லை. அவ்வாண்டில் இஞ்சின் ஓட்டும் தொழிலாளர், சங்கங்களின் பெருந்தலைவர்களை எதிர்பாராமல் தாமே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பணியில் ஏறியது முதல் இறங்குவது வரை பத்து மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கை. 1973 ஆகஸ்டில் அரசாங்கம் பத்து மணி நேர வரம்பைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர இசைந்தது. பக்கப் பாதையில் விழித்துக்கிடந்த அந்தக் கூட்ஸ் டிரைவரின் உறக்கம் அப்போதுதான் முதல் முறையாக ஓர் உடன்படிக்கையில் இடம்பெற்றது எனலாம். ஆனால் காகிதத்தில் எழுதியது பாதையில் இறங்கத் தாமதமாயிற்று.

1973 இறுதியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் தலைவரானார். 1974 பிப்ரவரியில் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசிய ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைத்தன. எட்டு மணி நேர வேலை, போனஸ், பொதுத்துறைத் தொழிலாளருக்கு ஈடான சம்பளம், தினக்கூலிகளை நிரந்தரமாக்குதல், மலிவு விலையில் தானியம் வழங்கும் கடைகள் ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளுள் முக்கியமானவை. தேசிய சம்மேளனம் என்னும் மற்றொரு பெரிய அமைப்பு இதில் சேரவில்லை. பொதுப் பயன்பாட்டுத் தொழிலில் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்யலாகாதென்றும், அறிவித்த பின்னும் பதினான்கு நாள் காத்திருக்கவேண்டுமென்றும் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் கூறியது. அதன்படி ஏப்ரல் 23ஆம் தேதி அறிவிப்புக் கொடுக்கப்பட்டது. மே 8ஆம் தேதி காலை வேலை நிற்கும் என்பது அறிவிப்பு.

நம் வினாவுக்கு விடை இந்தப் பதினைந்து நாள் இடைவெளியிலேதான் இருக்கிறது. வேலைநிறுத்தம் இன்னும் தொடங்கவில்லை. தொழிலாளர் யாவரும் பணியில் இருக்கின்றனர். இஞ்சின்கள் ஓடுகின்றன. ஆயினும் பிரயாணி வண்டிகள் ஒவ்வொன்றாக ரத்து செய்யப்பட்டன. காரணம் யாது? மே 8ஆம் தேதிக்குப் பின் என்ன நேருமோ என்று அஞ்சிய அரசாங்கம், அதற்குள் மின்சார நிலையங்களில் நிலக்கரியையும், பஞ்சம் தட்டும் பகுதிகளில் தானியத்தையும், ஆங்காங்கே எண்ணெயையும் குவித்துவிட விரும்பியது. அதற்கு இஞ்சின் வேண்டும். பாதை காலியாக வேண்டும். கரியை மிச்சப்படுத்தவும் வேண்டும். பிரயாணி வண்டியை நிறுத்தினால் மூன்றும் கிடைக்கும். அரசாங்கத்தின் கணக்கு எளியது: பிரயாணி ஒரு மாதம் கழித்தும் போகலாம், மின்சார நிலையத்தின் அடுப்பு ஒரு நாளும் காத்திராது. இக்கணக்கில் பிழை கண்டுபிடிப்பது எளிதன்று. அக்கணக்கில் கழிக்கப்பட்டவர் யார் என்று பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது.

மே மாதம் எத்தகையது? பள்ளி விடுமுறைக் காலம். வைகாசி முகூர்த்தங்களின் காலம். பம்பாய் ஆலையிலோ, டில்லிக் காரியாலயத்திலோ, கல்கத்தாக் கம்பெனியிலோ வேலை பார்க்கும் தமிழர் ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த விடுப்பை அப்போதுதான் எடுப்பார். தங்கை திருமணம், தாயாரின் நோய், குலதெய்வத்துக்கு முடியிறக்கும் வேண்டுதல் என அவர் பெட்டியில் காரணங்கள் பல கட்டப்பட்டிருக்கும். விமானம் அவருக்கு எட்டாதது. பஸ் அவ்வளவு தொலைவு போகாது. ரயில் ஒன்றே கதி. வேலைநிறுத்தம் தொடங்குமுன்னரே தம் வண்டி ரத்தாகிவிட்டதைக் கண்டு திகைத்து நின்றவர் அவரே. அவருக்குச் சொல்லப்படும் காரணம் எந்நாளும் ஒரே வாய்பாடுதான்: 'இயக்கக் காரணங்களால் ரத்து செய்யப்பட்டுள்ளது'. மொழிபெயர்ப்பு வேலையில் இருப்போருக்கு இவ்வாக்கியம் பெரிய சிரமம் தருவதில்லை. சொல்லுக்குச் சொல் அமைந்துவிடும். ஆனால் அதன் உள்ளே கரிச் சுரங்கமும் மின்சார நிலையமும் நியாயவிலைக் கடையும் கூட்ஸ் டிரைவரின் பத்து மணி நேரமும் மடித்து வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பிரயாணிக்கு எடுத்துச் சொல்வோர் இலர்.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கையிலேயே மே 2ஆம் தேதி ஜார்ஜ் பெர்னாண்டஸ் லக்னோவில் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் சட்டவிரோதமென்று அறிவிக்கப்பட்டது. மே 8ஆம் தேதி அது முழு வேகத்துடன் தொடங்கியது. அன்று ரயில்வேயில் பணியாற்றியோர் ஏறத்தாழ 17 லட்சம் பேர். பெரம்பூரிலும் பொன்மலையிலும் தொழிற்கூடங்கள் ஓய்ந்தன. பம்பாயில் மின்சார ரயிலை நம்பி வாழும் பெருங்கூட்டம் வேலைக்குப் போக வழியின்றித் தவித்தது. எத்தனை வண்டிகள் ஓடின என்பதில் அரசாங்கம் ஒரு கணக்கும் சங்கங்கள் வேறொரு கணக்கும் சொல்லின. இருப்பினும், கிடைத்த ஆள்களையும் இஞ்சின்களையும் கொண்டு முதலில் சரக்கு வண்டிகளையும் முக்கியமான சில மெயில் வண்டிகளையும் ஓட்டுவதே அரசாங்கத்தின் நோக்கமாக இருந்தது. சிறு நிலையங்களில் நின்று செல்லும் பாசஞ்சர் வண்டிதான் வரிசையின் கடைசியில் நின்றது. வெதுருகுப்பம் போன்ற ஊர்களின் மக்களுக்குரியது அந்தப் பாசஞ்சர் வண்டியே அன்றோ?

ரேணிகுண்டா வட்டாரம் அந்நாளில் தெற்கு ரயில்வேயின் குண்டக்கல் கோட்டத்தைச் சேர்ந்தது. 1977-ல்தான் அது தென்மத்திய ரயில்வேக்கு மாறியது. இத்தகைய ஒற்றைப் பாதைப் பகுதிகளில் வேலைநிறுத்தம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நன்று. ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டி செல்லவேண்டுமானால், இரு நிலையங்களின் அதிகாரிகளும் தம்முள் பேசி, டிரைவரிடம் ஓர் அடையாளக் கோலையோ வில்லையையோ ஒப்படைக்கவேண்டும். அது கையில் இல்லாத டிரைவர் வண்டியை நகர்த்தலாகாது. எதிரெதிரே இரு வண்டிகள் மோதாமலிருக்கச் செய்யப்பட்ட சிறந்த ஏற்பாடு அது. இடைப்பட்ட ஒரு நிலையத்தில் ஒரு நிலைய அதிகாரி பணிக்கு வராவிட்டால் போதும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தது போல் அப்பாதை முழுவதும் தடுமாறும். அவர் சரக்கு வண்டிக்கு மட்டும் வராமலிருந்து, பிரயாணி வண்டிக்கு வருவது இயலாது.

வேலைநிறுத்தத்தை அடக்க அரசாங்கம் கடுமையான முறைகளைக் கையாண்டது. பல்லாயிரவர் கைதாயினர், பல்லாயிரவர் வேலையிழந்தனர். ரயில்வேக் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பிரதேச ராணுவம் வண்டிகளை ஓட்ட அழைக்கப்பட்டது. பணிக்கு வந்தோருக்குச் சலுகைகள் அளிக்கப்பட்டன. இருபது நாள் நீடித்த வேலைநிறுத்தம் மே 27ஆம் தேதி நிபந்தனையின்றித் திரும்பப் பெறப்பட்டது. இதில் ஒரு விசித்திரத்தையும் குறிப்பிட வேண்டும். அன்று குடியரசுத் தலைவராக இருந்தவர் வராககிரி வேங்கட கிரி. சென்னை மாகாணத்தில் பிறந்து வளர்ந்த அவர், அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். எந்தச் சம்மேளனத்தை வளர்த்தாரோ அதே சம்மேளனத்தின் தலைவர் சிறையில் இருக்க, நாட்டின் முதற்குடிமகனாக அவர் மாளிகையில் இருந்தார். காலம் மனிதரை எங்கெங்கே நிறுத்திவிடுகிறது!

தோல்வியில் முடிந்ததாகத் தோன்றிய அப்போராட்டம் முற்றிலும் வீணாகவில்லை. வேலையிழந்தோர் 1977-ல் ஆட்சி மாறியபின் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1979-ல் ரயில் தொழிலாளருக்கு உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ் வழங்க முடிவாயிற்று. இன்று தசராவுக்கு முன் ஒவ்வோராண்டும் அச்செய்தி நாளேட்டில் வருகிறது. 1974-க்கு ஈடான நாடளாவிய ரயில் வேலைநிறுத்தம் அதன்பின் நடைபெறவில்லை. 2016 ஜூலை 11-ல் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட ஒன்று, நாள் நெருங்கும் வேளையில் பேச்சுவார்த்தைக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டது.

பிற நாடுகளில் நிலைமை எவ்வாறு? அமெரிக்காவில் தண்டவாளங்களில் பெரும்பாலானவை தனியார் சரக்கு ரயில் கம்பெனிகளின் சொத்து. நஷ்டம் தந்த பிரயாணி வண்டிகளை அக்கம்பெனிகள் கைவிட விரும்பியதால், அவற்றை ஏற்று நடத்த 'ஆம்டிராக்' என்னும் நிறுவனம் 1971 மே முதல் தேதியன்று இயங்கத் தொடங்கியது. பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் நகரங்களை இணைக்கும் வடகிழக்கு வழித்தடம் நீங்கலாகப் பெரும்பாலும் பிறர் பாதையிலேயே அது வண்டி ஓட்டுகிறது. 2022 செப்டம்பரில் சரக்கு ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யக்கூடிய நாள் 16ஆம் தேதி என்றிருந்தது. ஆம்டிராக் ஊழியர்களுக்கு அந்தத் தகராறில் தொடர்பு இல்லை. ஆயினும் 15ஆம் தேதியே நெடுந்தொலைவு வண்டிகள் அனைத்தையும் அது ரத்து செய்தது. இரண்டு மூன்று நாள் பிரயாணம் செய்யும் வண்டி, பாதிவழியில் பாலைவனத்தின் நடுவே நின்றுவிடலாகாது என்பதே காரணம். அன்றே உடன்பாடு ஏற்பட்டு வேலைநிறுத்தம் தவிர்ந்தது. எனினும் பிரயாணிகளின் டிக்கெட்டுகள் ஏற்கெனவே ரத்தாகிவிட்டன. சில சங்கங்கள் அவ்வுடன்பாட்டை ஏற்காததால், டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமியற்றி அதனைத் திணித்தது. அத்தகராறின் உயிர்நாடி எது தெரியுமா? சம்பளம் மட்டுமன்று, நோயுற்றால் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும், எப்போது அழைப்பு வருமோ என்று காத்திருக்கும் வாழ்க்கை மாறவேண்டும் என்பதே. ஐம்பதாண்டு கழித்து, கடல் கடந்து, நம் கூட்ஸ் டிரைவரின் குரலே மீண்டும் ஒலித்தது போலில்லையா?

கனடாவிலும் 2024 ஆகஸ்ட் 22-ல் இரு பெரிய சரக்கு ரயில் கம்பெனிகள் தொழிலாளருடன் உடன்பாடு காணாமல் கதவடைப்புச் செய்தன. தமிழர் பெருந்தொகையினராக வாழும் டொராண்டோ வட்டாரத்திலும், மாண்ட்ரியாலிலும், வான்கூவரிலும் அக்கம்பெனிகளுள் ஒன்றின் பாதையில் ஓடிய புறநகர் வண்டிகள் சில அன்று காலை நின்றுபோயின. வேலைக்குப் புறப்பட்டவர்கள், தாம் ஏறும் வண்டி எவருடைய தண்டவாளத்தில் ஓடுகிறது என்பதை அன்றுதான் அறிந்தனர்.

நம் நாட்டில் வேலைநிறுத்தம் இல்லாத வேளையிலும் இந்த உறவு வெளிப்படுவதுண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பிரயாணி வண்டிகள் யாவும் நின்றபோது, சரக்கு வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. மார்ச் 26-ல் அதே ரேணிகுண்டாவிலிருந்துதான் டில்லிக்குப் பால் ஏற்றிய தனி வண்டி புறப்பட்டது. ஒவ்வொன்றும் நாற்பதாயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டிகள் அதில் இணைக்கப்பட்டிருந்தன. சித்தூர்ச் சீமையின் பால், 2,300 கிலோமீட்டர் கடந்து, வீட்டுக்குள் அடைபட்ட தலைநகரத்துக் குழந்தைகளுக்குச் சென்றது; அத்தலைநகரில் ஊர் திரும்ப வழியின்றி இருந்த தமிழரும் அதைப் பருகியிருப்பர். 2022 ஏப்ரல், மே மாதங்களில் மின்சார நிலையங்களில் கரி குறைந்தபோது, கரி வண்டிகளுக்குப் பாதை விடுவதற்காக 600-க்கு மேற்பட்ட பிரயாணி வண்டிப் பயணங்கள் ரத்து செய்யப்பட்டன. 1974-ன் பழைய கணக்கே அங்கும் போடப்பட்டது. வட நாட்டில் சரக்குக்கெனத் தனி வழித்தடங்கள் இப்போது அமைந்துள்ளன. தென்னாட்டிலோ மெயிலும் கூட்ஸும் இன்னும் ஒரே பாதையில்தான் முன்னும் பின்னுமாகச் செல்கின்றன.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. கூட்ஸ் வண்டி நின்றால் மெயில் வண்டி நெடுநாள் ஓடாது. நிற்கும் என்ற அச்சமே அதனை நிறுத்தப் போதும். வழக்கமான நாளில் கூட்ஸ் வண்டி நமக்கு வழிவிட்டு நிற்கிறது. நெருக்கடி வரும் நாளில் நாம் அதற்கு வழிவிட்டு நிற்கிறோம். இதில் நியாயம் உண்டு. ஆனால் இருபுறமும் காத்திருக்கும் மனிதரின் இழப்பை யாரேனும் கணக்கில் எழுதவேண்டும். டிரைவரின் உறக்கம் உரிய காலத்தில் பேசித் தீர்க்கப்பட்டிருந்தால், மே மாதத்தில் ஊருக்குப் புறப்பட்டவரின் பெட்டி பிளாட்பாரத்திலேயே தங்கியிராது. அவருக்கு வண்டி ரத்து என்று மட்டும் சொல்லாமல், ஏன், எத்தனை நாள், மாற்றுவழி யாது என்றும் அவர் மொழியிலேயே சொல்லியிருந்தால், அவர் தொழிலாளியையும் பழித்திரார், அரசாங்கத்தையும் பழித்திரார்.

நேயர்களே! இந்த விடுமுறையில் நீங்கள் ஊருக்குப் போகும்போது, ரேணிகுண்டாவுக்கு அருகே எங்கேனும் ஒரு பக்கப் பாதையில் கூட்ஸ் வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கக் காண்பீர்கள். இஞ்சினின் சன்னலருகே ஒருவர் உங்கள் வண்டி கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எவ்வளவு நேரமாக அங்கு நிற்கிறாரோ, அது நமக்குத் தெரியாது. கையசைத்துவிட்டுச் செல்லுங்கள்.